ஜீப்பில் வந்த அழுகை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மருமகன் வரவில்லை. நேசம்மாள் அதைக் கவனித்தாள். ஆனால் மகளிடம் கேட்கவில்லை.

கேட்காமல் விட்ட கேள்விகள் அந்தக் குடும்பத்தில் சில வாரங்களாகவே கூடிக்கொண்டு வந்தன. மகன் எபநேசர் மார்க்கெட் ரோட்டில் கேசட் கடை வைத்திருந்தான். பாட்டுப் பதிந்து கொடுப்பான், டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுவான். மகள் எஸ்தர்ராணியைக் கட்டிய யோவானோ சினிமா தியேட்டரில் மேனேஜர். ஒரு தெருவில் எபநேசரின் டெக் ஓடினால், அன்றைக்கு யோவானின் தியேட்டரில் இரண்டாம் ஆட்டத்துக்குப் பெஞ்சுகள் காலி. "கடையை மூடு மாப்ள" என்று யோவான் சொன்னதும், "உங்க தியேட்டர மூடுங்க அத்தான்" என்று எபநேசர் சிரித்துக்கொண்டே சொன்னதும், யோவான் சிரிக்காமல் எழுந்து போனதும் போன வாரக் கதை.

அதற்குள் ஊருக்குள் ஜீப் இறங்கிவிட்டது.

ஜீப்பின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். பக்கவாட்டில் கைவிலங்கு படம் போட்ட தட்டி. 'திருட்டு கேசட் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போலீஸ் வரும். மூன்று வருடம் சிறை.' எந்தக் கேசட், எது திருட்டு என்று தட்டியிலும் இல்லை, நோட்டீஸிலும் இல்லை. எட்டயபுரம் சாலையிலும் இடைசெவல் வரைக்கும் கரிசல் காட்டு ஊர்களிலும் அந்த ஜீப் நாலைந்து நாளாகப் புழுதி கிளப்பிக்கொண்டு திரிந்தது. குரல் யோவானுடைய குரல். 'இன்றே கடைசி' என்று எத்தனையோ படங்களுக்குச் சொன்ன அதே குரல். அதனால்தான் ஜனங்கள் நம்பினார்கள்.

ஆராதனை முடிந்து தாயும் மகளும் தெரு முனையில் திரும்பும்போதே நாற்றம் மூக்கைக் குத்தியது.

பக்கத்து வீட்டு வாசலில் செண்பகவல்லி உட்கார்ந்து தீ மூட்டியிருந்தாள். பழைய இரும்புச் சட்டிக்குள் என்னவோ கொப்பளித்துக் கறுத்து உருகிக்கொண்டிருந்தது.

"என்னட்டி செண்பகம், பட்டப்பகல்ல எதப் போட்டு எரிக்கே? நாத்தம் கொடலப் புடுங்குது."

"கேசட்டு, வாத்தியாரம்மா." அவள் நிமிரவில்லை. "போலீசு வீடு வீடா வரப்போகுதாம்லா. எங்க மதினி கெணத்துல போட்டுட்டா. எங்க வீட்டுல கெணறு ஏது?"

எஸ்தர்ராணி சட்டியைப் பார்த்தாள். உருகாத ஒரு மூலையில் சினிமாப் படம் போட்ட அட்டை சுருண்டுகொண்டிருந்தது. அவளுக்குத் திடுக்கென்றது.

"செண்பகம், இது சவுதியில இருந்து உங்க வீட்டுக்காரரு அனுப்புனதுலா?"

செண்பகவல்லியின் கணவன் வெயிலுமுத்து சவுதி போய் மூன்றாவது வருடம். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் அவன் கடிதம் எழுதுவதில்லை. கடையில் கிடைக்கிற பாட்டுக் கேசட்டை வாங்கி, பாட்டை அழித்து அதன் மேலேயே பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். 'செண்பகம், நல்லாருக்கியா, அங்கன மழை உண்டா' என்று அவன் தொடங்குவது தெருவுக்கே மனப்பாடம். அவள் வேலை செய்யும்போதெல்லாம் அது ஓடிக்கொண்டிருக்கும்.

"மேல சினிமாப் படம் ஒட்டியிருக்கே அக்கா. போலீசுக்காரவிய அதப் பாப்பாவளா, உள்ள யாரு பேசுதான்னு போட்டுக் கேப்பாவளா? நான் ஒத்தப் பொம்பள. என்னையப் புடிச்சிட்டுப் போனா எம் பிள்ளைகள யாரு பாப்பா?"

"எல்லாத்தையுமா போட்டுட்டே?"

"எல்லாத்தையுந்தான்."

குச்சியால் சட்டியைக் கிளறினாள். புகை பட்டதாலோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

'வீட்டுல கேசட்டு வச்சிருந்தாலே புடிப்பாங்களா?' என்று எஸ்தர்ராணியே முன்பு கணவனிடம் கேட்டிருந்தாள். 'சட்டம்னா சட்டந்தான்' என்று சொல்லிவிட்டு யோவான் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

* * *

தாயும் மகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எபநேசர் இன்னும் கடையில் இருந்தான்.

"ஓய்வுநாள்லயும் கடை தொறக்கணுமா? வாத்தியாரு இருந்தா விட்டுருப்பாவளா?" நேசம்மாள் குழம்பை ஊற்றியபடியே முணுமுணுத்தாள்.

வாத்தியார் என்றால் அவள் கணவர் ஞானக்கண். போன ஆடி மாதம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். முப்பது வருடக் குடித்தனத்தில் நேசம்மாள் அவரைக் கூப்பிட்டதெல்லாம் 'வாத்தியாரே' என்றுதான். கல்யாணமான புதிதில் கேலியாகத் தொடங்கியது, கடைசிவரை அதுவே நின்றுவிட்டது.

தெரு முனையில் ஜீப் சத்தம் கேட்டது.

"இங்கனயும் வந்துட்டானுவ" என்றாள் நேசம்மாள். "எஸ்தரு, எனக்கு மடியில நெருப்பக் கட்டுன மாதிரி இருக்குட்டி. எம் பிள்ள கடையில அடுக்கி வச்சிருக்கதெல்லாம் கேசட்டுதான."

ஒலிபெருக்கி கரகரத்தது. யோவானின் குரல் தெருவை நிறைத்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! நேற்று வரை உங்களைப் போல வாழ்ந்த ஒரு குடும்பம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு திருட்டு கேசட். இன்று கணவன் சிறையில்! நடுத்தெருவில் நிற்கும் அந்த மனைவியின் கதறலைக் கேளுங்கள்!"

அதன் பிறகு ஒரு பெண் அழுதாள்.

பெயருக்கு அழுகிற அழுகை அல்ல. வயிற்றுக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற அழுகை. "என்னைய ஒத்தையில விட்டுட்டுப் போறியளே... இனி எனக்கு ஆரு இருக்கா... இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன பதிலச் சொல்லுவேன்..."

நேசம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, யாரு பெத்த பிள்ளையோ. அந்த மகளுக்கு நீரே துணையா இரும். அவ புருசன வீடு கொண்டு வந்து சேரும்."

எஸ்தர்ராணி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அந்த அழுகை எழும்பியபோது அவள்தான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சவப்பெட்டியை மூடிய நேரம் அது. பாட்டையும் சபைப் போதகர் ஐயர் செய்த பிரசங்கத்தையும் பதிவதற்காக எபநேசர் டேப் ரிக்கார்டரைத் தலைமாட்டில் வைத்திருந்தான். பாட்டோடு சேர்த்து அம்மாவின் அழுகையும் அதில் விழுந்துவிட்டது.

நேசம்மாள் கண்ணைத் திறந்தாள். அவளுக்குத் தன் குரல் தெரியவில்லை. தன் குரலை வெளியிலிருந்து யார் கேட்டிருக்கிறார்கள்? அந்தக் கேசட்டை அவள் ஒரு தரம்கூடப் போட்டதில்லை. அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"எந்திரிட்டி. வீட்டுல இருக்கதையாவது எடுத்து எரிச்சிருவோம். கடையில உள்ளத அவன் வந்ததும் சொல்லுவோம்."

அலமாரியைத் திறந்து கேசட்டுகளை மடியில் அள்ளிப் போட்டாள். இரண்டு தரம் துழாவினாள்.

"வாத்தியாரு அடக்கத்துல புடிச்ச கேசட்டு எங்கட்டி? அத மட்டும் எரிக்க மாட்டேன். அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சி வச்சிருதேன்."

"அது... எங்க வீட்டுல இருக்கும்மா."

"எப்ப எடுத்துட்டுப் போனே?"

"போன மாசம். அவிய கேட்டாவ. மாமா ஞாபகமா இருக்கு, ஒருக்காக் கேக்கணும்னாவ."

நேசம்மாளின் முகம் மலர்ந்தது. "மாப்பிள்ளையா கேட்டாவ? அவியளுக்கு வாத்தியாரு மேல எப்பவும் பிரியம் உண்டு."

எஸ்தர்ராணியால் அதைத் தாங்க முடியவில்லை. கையைக் கழுவ எழுந்தாள். வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது.

ஸ்டாண்டு போடாமல் சைக்கிளைத் தள்ளிவிட்டு எபநேசர் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. ஜீப்புக்குப் பின்னாலேயே மிதித்து வந்திருக்கிறான்.

"கேட்டியாக்கா?"

எஸ்தர்ராணி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"யாரு கையில குடுத்தே அத?"

"எதலே?" என்றாள் நேசம்மாள். "என்ன ரெண்டு பேரும் ஒரு மாதிரிப் பாக்கிய?"

"சொல்லுக்கா. நீதான குடுத்தே?"

"கேக்கணும்னு சொன்னாவ எபநேசரு. நெசமாத்தான் சொன்னாவன்னு நெனச்சேன்."

"நான் பதிஞ்ச டேப்பு எனக்குத் தெரியாதா? பின்னால ஐயரு இருமுதது வரைக்கும் கேக்குது. இன்னைக்குக் காலையில இருந்து ஊரு பூரா ஓட்டுதான். மார்க்கெட்டுல காய்கறிக்காரி எல்லாம் நின்னு கண்ணத் தொடைக்கா. நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

நேசம்மாள் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள். மடியிலிருந்த கேசட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து தரையில் விழுந்தன.

"அம்மா" என்றான் எபநேசர். "ஜீப்புல அழுதது நீங்கதாம்மா."

நேசம்மாள் மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்:

"நான் அப்படியா அழுதேன்?"

எஸ்தர்ராணி குனிந்து, சிதறிய கேசட்டுகளைப் பொறுக்கினாள்.

"அந்தப் பொம்பளைக்காக இப்பந்தான ஜெபம் பண்ணுனேன். அவ புருசன வீட்டுக்குக் கொண்டாந்து சேரும்னு..."

வாசலில் செண்பகவல்லி நின்றிருந்தாள். எபநேசர் போட்ட சத்தத்துக்கு வந்தவள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"தம்பி, அப்போ செயிலுக்குப் போன அந்த ஆளு?"

"அப்படி யாரும் இல்லக்கா. கதை."

"போலீசு வீடு வீடா வரப்போறது?"

"கேசட்டு விக்கிற எங்கள மாதிரி ஆளப் புடிப்பாங்க. அதுக்குச் சட்டம் இருக்கு. எனக்கும் தெரியும். ஆனா வீட்டுல வச்சிப் பாட்டுக் கேக்குதவியளப் புடிக்க யாரு வருவா? உங்க வீட்டுக்காரரு பேசுன கேசட்டப் புடிக்க யாரு வருவா? தெரு முனையில நின்னு அன்னைக்கே சொன்னேம்லா, பயப்படாதீங்கன்னு."

"நீ கேசட்டு விக்கிறவன், அப்படித்தான் சொல்லுவேன்னு நெனச்சோம் தம்பி. மேனேஜரு படிச்சவரு. அவரு பொய்யாச் சொல்லுவாருன்னு யாருக்குத் தெரியும்?"

செண்பகவல்லி தன் வாசலில் ஆறிக்கொண்டிருந்த சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. கிணற்றில் போட்டவர்கள், கரிசல் வெடிப்புக்குள் புதைத்தவர்கள், பிள்ளையின் சடங்குக்குப் பிடித்த வீடியோவை அடுப்பில் வைத்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருத்தராக வாய் திறந்தார்கள். அதுவரை ஒவ்வொரு வீடும் தான் மட்டும்தான் பயந்ததாக நினைத்துக்கொண்டிருந்தது.

நேசம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா போறிய?" என்றாள் எஸ்தர்ராணி.

"மாப்பிள்ளையப் பாக்க."

"நீங்க வீட்டுல இருங்க. நான் போறேன்."

"அழுதது நான் தானட்டி. நான் போயிக் கேட்டுக்கிடுதேன்."

எபநேசர் கூட வரப் போனான். தாய் தடுத்துவிட்டாள். "நீ வந்தா கை நீட்டிருவே. கடைக்குப் போ."

* * *

மத்தியான ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுக்கிற நேரம். தியேட்டர் வாசலில் நல்ல கூட்டம். ஜீப் வேப்பமர நிழலில் நின்றது. டிரைவர் மாடக்கண்ணு அதன் மேல் ஏறி ஒலிபெருக்கிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். யோவான் அவரைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தத் தெருவுக்குப் போகாதீருன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீரு. பாலத்தத் தோண்டிப் போட்டுருக்கான், சுத்தித்தான் வரணும். அந்தத் தெருவுல அப்படி என்னதான் இருக்கு அண்ணாச்சி?"

யோவான் திரும்பினான். மாமியார் நின்றிருந்தாள். பின்னால் மனைவி. அதற்கும் பின்னால் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர். செண்பகவல்லி சும்மாடு வைத்து அந்த இரும்புச் சட்டியைத் தலையில் சுமந்திருந்தாள்.

யோவான் அவசரமாக முன்னால் வந்தான்.

"அத்தை... வாங்க. உள்ள ஆபீசு ரூம்ல பேசுவோம்."

"நீங்க ஊருக்குள்ள வச்சித்தான பேசுனிய மாப்ள. நானும் இங்கனயே கேக்குதேன்."

டிக்கெட் வரிசை மெல்லத் திரும்பியது.

"முதலாளி ஒரு பொம்பள அழுகை வேணும்னாரு அத்தை. வெறும் அறிவிப்புக்கு ஜனம் அவ்வளவாப் பயப்படலன்னாரு. நாடகக்காரப் பொம்பளைங்க ரெண்டு பேர அழ வச்சிப் பாத்தோம். கேக்கவே முடியல, சிரிப்பு வந்துச்சு. தியேட்டரு படுத்துட்டுது அத்தை. பொங்கலோட மூடிருவேன்னு சொல்லுதாரு. பதினெட்டுப் பேரு இங்க வேலை பாக்குதோம். எனக்கு வேற வழி தெரியல."

"அதனால நெசமான அழுகை தேவைப்பட்டுது."

அவன் தலை குனிந்தான்.

"யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அந்தத் தெருப் பக்கமே விடாதன்னு சொல்லியிருந்தேன்."

"எனக்குக் கேக்காதுல்லா, அதனால பரவாயில்லன்னு நெனச்சியளாக்கும்."

"அத்தை..."

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்குதேன் மாப்ள. அன்னைக்கு நான் வாத்தியாரே, வாத்தியாரேன்னுதான் கூப்புட்டு அழுதேன். எனக்கு ஞாபகம் இருக்கு. ஜீப்புல அது வரலையே. அது எங்க?"

யோவானின் பார்வை ஜீப்பின் ஒலிபெருக்கிக் குழாய் மேல் போனது.

"சொல்லுங்க."

"வெட்டிட்டேன் அத்தை."

"நீங்களேவா?"

"நாந்தான். ரிவைண்டு பண்ணி, ஒவ்வொரு எடத்துலயும்."

'வாத்தியாரே' என்று வருகிற ஒவ்வொரு இடத்தையும் தேடித் தேடி, திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த மனிதனை மட்டும் அவன் அழித்திருக்கிறான். ஆத்திரத்திலோ அவசரத்திலோ செய்யவில்லை, பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறான். அது புரிந்ததும் நேசம்மாள் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

செண்பகவல்லி முன்னால் வந்தாள். தலையிலிருந்த சட்டியை இறக்கி, தியேட்டர் படியில் கவிழ்த்தாள். கறுத்து இறுகிய கட்டி ஒன்று உருண்டு யோவானின் காலடியில் நின்றது.

"எங்க வீட்டுக்காரரு பேசுனது இதுக்குள்ளதான் இருக்கு மேனேஜரய்யா. எடுத்துக் குடுங்க."

வரிசையில் நின்ற ஒருவர் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். கவுண்டரில் போய் அதை வைத்துவிட்டு, காசு கேட்காமல் வெளியே நடந்தார். இன்னொருவர் போனார். "எங்க வீட்டுக்காரி கெணத்துல போட்டாடே" என்று ஒரு குரல். "பயங்காட்டியா படம் ஓட்டுதிய?" என்று இன்னொரு குரல். யாரும் கல் எடுக்கவில்லை. யாரும் கை ஓங்கவில்லை. வரிசை கரைந்தது, அவ்வளவுதான். மாடக்கண்ணு ஜீப்பிலிருந்து இறங்கி, சாவியைப் படியில் வைத்துவிட்டு அவர்களோடு நடந்தார்.

எஸ்தர்ராணி கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதன். காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன். அப்பாவின் பெட்டியை முன்னால் நின்று சுமந்தவன்.

அவன் அவள் கையைப் பிடித்துச் சுவர் ஓரமாகக் கூட்டிப் போனான்.

"எஸ்தரு, நீ என்னைய என்ன வேணும்னாலும் திட்டு. ஆனா இதக் கேளு. தம்பிய உடனே எங்கயாவது போகச் சொல்லு."

"எதுக்கு?"

"அவன் கடை மேல புகார் குடுத்தாச்சு. நெசப் புகார். ஒரு ஆளையாவது உள்ள போட்டாத்தான் ஊரு நம்பும்னு முதலாளி சொல்லிட்டாரு."

"ஊருல கடை வேற இல்லையா?"

"இருக்கு. அவியளெல்லாம் முதலாளிக்கு வேண்டப்பட்டவிய."

"யாரு குடுத்தா புகார?"

அவன் கண்கள் அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தன.

"மேனேஜருங்கிற முறையில நாந்தான் கையெழுத்துப் போட்டேன்."

"எப்ப?"

"புதன்கிழமை."

புதன்கிழமை இரவு அவன் மாமியார் வீட்டில் சாப்பிட்டான். எபநேசர்தான் சைக்கிளில் போய் அத்தானுக்காக மீன் வாங்கி வந்தான். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்சு முறிந்துபோனவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று அம்மா அன்றைக்கு அடுப்படியில் நின்று கண்ணீர் விட்டாள்.

எஸ்தர்ராணி தன் கையை உருவிக்கொண்டாள். மார்க்கெட் ரோட்டை நோக்கி அவள் கால்கள் ஓடின.

கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் மந்திரமூர்த்தி எழுந்து நின்றார்.

"இப்பந்தான்மா. போலீசுக்காரவிய தம்பிய மரியாதையாத்தான் கூட்டிட்டுப் போனாவ. டெக்கையும் பெட்டியோட எடுத்துட்டுப் போயிட்டாவ."

* * *

ஸ்டேஷனுக்குள் அவள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எபநேசர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். 'நீதான குடுத்தே' என்ற கேள்வி அந்தத் திருப்பலில் இன்னும் இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க. தம்பி விஷயமாத்தானே? அவரே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார். நாளைக்குக் கோர்ட்டுல ஆஜர்படுத்துவோம். ஜாமீனுக்கு ஆள் பாருங்க."

"அவன் செஞ்சத அவன் பாத்துக்கிடுவான் சார். நான் வேற ஒரு புகார் குடுக்க வந்தேன்."

"என்ன புகார்?"

"களவு."

"என்ன பொருள்?"

"ஒரு கேசட்டு. அதுல எங்க அம்மா அழுகை இருக்கு. எங்க அப்பா அடக்கத்துல அழுதது."

எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் தலை நிமிர்ந்தார். சப் இன்ஸ்பெக்டருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவரும் அன்று காலை அந்த ஜீப்பைக் கேட்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்துபோய்க் கதவைச் சாத்தியிருந்தாள்.

"அந்த ஜீப்பு அழுகையா?"

"ஆமா சார்."

"எடுத்தது யார்னு தெரியுமா?"

"தெரியும். எங்க வீட்டுக்காரரு."

பெஞ்சிலிருந்த எபநேசர் திரும்பினான்.

"அவர் எப்படி எடுத்தார்? பூட்டை உடைச்சா?"

"இல்ல. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

சப் இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "நீங்களே உங்க கையால குடுத்திருக்கீங்க. அப்புறம் அது எப்படிம்மா களவாகும்?"

"கேக்கத்தான் சார் குடுத்தேன்."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"உங்களுக்கு ஒண்ணு நேராச் சொல்லிடறேன். களவுன்னு எழுதினா நிக்காது. கேக்கறதுக்குக் குடுத்ததைப் பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் ஓட்டினார்னு வேணும்னா எழுதலாம். அதையும் எழுதி வாங்கிக்குவேன், மேலே கேட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். போன வருஷம்தான் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்காங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. அனுமதி இல்லாமப் பிரதி எடுத்தது தப்புன்னு உங்க வீட்டுக்காரர் மேல நீங்களே எழுதிக் குடுத்தா, நாளைக்குக் கோர்ட்டுல உங்க தம்பிக்காக யாரும் வாய் திறக்க முடியாது. அதே வாசகம் அவரையும் கட்டிப் போடும். அக்காவே சொல்லிட்டாங்களேம்பாங்க."

ரைட்டர் ஒரு வெள்ளைத்தாளை மேஜையின் இந்தப் பக்கம் தள்ளி, மேலே பேனாவை வைத்தார்.

எஸ்தர்ராணி பேனாவைத் தொடவில்லை. ஒரு பக்கம் தம்பி. இன்னொரு பக்கம் கல்லில் உட்கார்ந்துவிட்ட அம்மா. இந்தத் தாளில் எழுதினால் அவள் போய்ச் சேர ஒரு வீடு இருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். எழுதாவிட்டால் நாளைக்கு அந்த ஜீப்புக்கு வேறு டிரைவர் வருவான்.

பெஞ்சு கிரீச்சிட்டது. எபநேசர் எழுந்து நின்றான். அதுவரை அக்காவுக்கு முகம் கொடுக்காதவன் இப்போது அவளை நேராகப் பார்த்தான்.

"எழுதுக்கா" என்றான்.